மாவு ஏறலாம், மாமியார் ஏறக் கூடாது

அந்த ஞாயிற்றுக்கிழமை சுஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாராவியில் அவர்கள் சந்து முனையில் சின்ன டெம்போ ஒன்று, முந்தின நாள் மாட்டிய மஞ்சள் நம்பர் பிளேட்டோடு பளபளவென்று நின்றது. ஸ்கூட்டரில் மாவு வாளிகளைக் கட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்கும் காட்கோபருக்கும் அலைந்து, இட்லி மாவு விற்றே அவள் வாங்கிய வண்டி. கண்ணாடியைத் துடைப்பாள், தள்ளிப் போய் நின்று பார்ப்பாள், திரும்ப வந்து துடைத்த இடத்தையே துடைப்பாள். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டுமே, யாருக்கென்ன?

ஒரே ஒரு முள்தான் உறுத்தியது. மாமியார் சேசம்மாள் சந்து பூராவும், "எம் மவன் வண்டி எடுத்திருக்காம்லா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த மவன் தனசீலனுக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிழக்கா மேற்கா என்றும் தெரியாது. லைசென்ஸ் எடுத்தது சுஜா, ஒவ்வொரு கவுன்ட்டராக நின்று சரக்கு வண்டி என்று பதிய வைத்தது சுஜா, ஆர்.சி.யில் இருப்பதும் அவள் பெயர். மாமியார் வாயால் ஒரு தடவை, ஒரே தடவை, 'மருமகள் வண்டி' என்று வந்துவிட்டால் போதும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் அது லேசில் வருகிற வாயா?

உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டெம்போவின் பின்பக்கம் பாய் விரித்திருந்தது. பாய்மேல் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலியில் பட்டுச் சேலையில் சேசம்மாள். சுற்றி நாத்தனார் பிரேமலதா, அவள் பிள்ளைகள், ஆண்டாப் ஹில் சித்தப்பா குடும்பம் என்று ஒருத்தர் மடியில் ஒருத்தர்.

"என்ன அத்த இது?"

"நேர்ச்சைட்டி. நம்ம வீட்டுக்குன்னு ஒரு வண்டி வந்தா குடும்பத்தோட மாஹிம் மாதா கோயிலுக்கு வாறதாச் சொல்லியிருக்கேன். ஏறி ஓட்டு."

"அத்த, இது சரக்கு வண்டி. பின்னால ஆளு ஏறக் கூடாது. டிரைவரச் சேத்து ரெண்டு பேருதான்னு ஆர்.சி.லயே போட்டுருக்கு. போலீஸ் பிடிச்சா சலான் போட்டு வண்டியையும் பிடிச்சு வச்சுருவான். நாளைக்குக் கோபர்கைரனேல ஒரு கேன்டீனுக்கு மொத லோடு போவணும்."

"மாவு ஏறலாம், மாமியா ஏறக் கூடாதோ?"

வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். கேட்ட கேள்வி சுஜாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கூடாது அத்த."

"எம் மவன் வண்டில ஏற நான் யார்ட்டட்டி கேக்கணும்?"

சுஜா புருஷனைப் பார்த்தாள். அந்த வீரன் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏங்கிட்ட கேக்கணும் அத்த," என்றாள் மெதுவாக.

சிரிப்பு நின்றுபோனது. சேசம்மாளின் முகம் கறுத்தது. இனி மாசக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது, தண்ணீர் டம்ளர்கூட ணங்கென்றுதான் வைக்கப்படும். அப்போதுதான் சுஜாவுக்கு அது தோன்றியது. நினைக்கும்போதே சிரிப்பு வந்தது.

"அத்த, நம்ம கோயில் திருவிழாவுல சப்பரம் வருதுல்லா, சனம் சப்பரத்து மேலயா ஏறி ஒக்காந்திருக்கும்?"

"அதெப்படி? பின்னாலதான் நடக்கும்."

"சப்பரத்துல யாரு இருப்பா?"

"மாதா," என்றாள் சேசம்மாள், சந்தேகத்தோடு.

"அப்ப மாதாவ ஏத்துவோம். சனம் நடக்கட்டும். முன்னால சட்டப்படி ஒரு சீட்டு இருக்கு. அது ஒங்களுக்கு."

ஒத்தைச் சீட்டு, அதுவும் முன்னால், ஊரே பார்க்க! சேசம்மாள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "எல்லாம் எறங்குங்க," என்று முதல் ஆளாக இறங்கினாள்.

வீட்டு மாதா சொரூபம் வந்தது. மாவு வாளி கட்டுகிற கயிற்றாலேயே இறுக்கிக் கட்டினார்கள். நம்பர் பிளேட்டை மறைத்த செவ்வந்தி மாலையை மட்டும் சுஜா கழற்றி மேலே மாட்டினாள். எதிர்வீட்டு ஜம்பு, யாரும் கூப்பிடாமலே டிரம்மோடு வந்து, கணபதிக்கு அடிக்கிற அதே அடியை மாதாவுக்கும் அடித்தான். ஜன்னலில் முழங்கையை வைத்து சேசம்மாள் உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டபோது, "என்னத்துக்குட்டி, நான் ஓடியா போவப்போறேன்?" என்று கேட்டாலும் கழற்றவில்லை. முதல் கியரிலேயே வண்டி ஊர்ந்தது, பின்னால் குடும்பமே ஆடிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் போனவர்கள்கூடக் கும்பிட்டார்கள். சுஜாவுக்கு இந்த ரோடு முடியவே கூடாது என்றிருந்தது.

பாதி வழியில் வண்டி லேசாக அமுங்கியது. சேசம்மாள் தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். நடந்து களைத்த தனசீலன், சத்தமில்லாமல் மாதாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

சேசம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். டிரம் சத்தத்துக்கும் மேலே அவள் குரல் கேட்டது.

"ஏல தனசீலா, எறங்குல கீழ. எம் மருமவ வண்டியாக்கும் இது. ஆளு ஏறக் கூடாதுன்னு ஆர்.சி.ல போட்டுருக்குல்லா?"

சுஜாவின் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"என்னட்டி, ஓட்டத் தெரியுமா தெரியாதா?" என்றாள் சேசம்மாள்.

"தெரியும் அத்த," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள் சுஜா.