செவ்வாய்க்கிழமைக் கட்டம்

11 நவம்பர் 1986, செவ்வாய்

இன்று மாலை வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். சின்னதுதான், ஆனால் எப்படிச் செய்தேன் என்று எனக்கே புரியவில்லை.

கேள்வி இது: திங்கள் முதல் சனிக்குள் ஐந்து கடைகள் திறக்கப்படுகின்றன, நாளுக்கு ஒன்று. ஒரு நாள் காலி. அது எந்த நாள்? துணிக்கடை திங்களன்று என்கிறது முதல் நிபந்தனை. அதற்கு மறுநாளே பாத்திரக்கடை என்கிறது மூன்றாவது. இரண்டையும் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். அப்புறம் விடையில் 'செவ்வாய் காலி' என்று எழுதினேன்.

பக்கத்தில் இருந்த கமலவேணியும் அதையேதான் எழுதியிருந்தாள்.

"செவ்வாக்கெழம எவன்டி கட தொறப்பான்?" என்றாள்.

பாடம் எடுக்கும் ரங்கன் சார் வங்கி வேலையில் நாமக்கல்லுக்கு மாற்றலாகி வந்தவர். எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கேள்வியில இல்லாத நிபந்தனைய நீங்களா சேர்க்காதீங்கம்மா. தாள்ல என்ன இருக்கோ அது மட்டும்தான்."

மேனேஜ்மென்ட் படிப்புக்கான நுழைவுத் தேர்வு 23ஆம் தேதி ஞாயிறு, கோயமுத்தூரில். இந்த முறை விட்டால் அடுத்த வருடம்தான். அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். ஆனால் பட்டறையில் இன்னும் லீவு கேட்கவில்லை. நாளைக்குக் கேட்டுவிட வேண்டும்.

12 நவம்பர், புதன்

கேட்டேன். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கணக்கெழுதுவது என் வேலை. முதலாளி அப்புசாமி டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"அன்னிக்கா? சின்னண்ணன் வண்டி அன்னிக்குத்தான அம்மிணி போகுது. நீயில்லாம டெலிவரி பேப்பர ஆரு எழுதறது? நா எழுதுனா வண்டி செக்போஸ்ட்டுலயே நின்னுக்கும்."

அடுத்த வாரம் ஐந்து புது வண்டிகள் போகின்றன, வாடிக்கைக்காரர் சின்னண்ணனுடையது அதில் ஒன்று. பேரும் பூவும் எழுதும் பெயின்டர் சென்றாயன் ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்குமேல் அவரால் முடிக்க முடியாது.

"அஞ்சும் சனிக்கெழமக்குள்ள போயிருச்சுன்னா லீவு தருவீங்களா?"

"போட்டுக் குடு, பாக்கலாம்."

நிபந்தனை ஏதாவது உண்டா என்று கேட்டேன். திருச்செங்கோட்டுக்காரரும் ராசிபுரத்துக்காரரும் பங்காளிகள், மூத்தவரான திருச்செங்கோட்டுக்காரர் வண்டிதான் முன்னால் போக வேண்டும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் எதையும் சேர்க்கவில்லை. திங்கள் திருச்செங்கோடு, செவ்வாய் ராசிபுரம் என்று கட்டம் போட்டு நீட்டினேன்.

"செவ்வாக்கெழம புது வண்டி எடுக்கறவன எங்காச்சும் பாத்திருக்கியா?"

"நீங்க சொல்லலீங்களே."

"சோத்த வாயிலதான் திங்கோணும்னு தனியாச் சொல்லோணுமா?"

பட்டறையே சிரித்தது. நேற்றுச் சேர்த்ததும் தப்பு, இன்று சேர்க்காததும் தப்பு. எனக்கு இந்தப் பரீட்சை வருமா என்றே சந்தேகமாக இருந்தது.

முதலாளி மேலும் சொன்னார். "சின்னண்ணன் வண்டிய மட்டும் நகத்தாத. அவரு மச்சான் சூரமங்கலத்துல ரயில்வே. ஞாயித்துக்கெழமதான் வர முடியும்."

மற்ற நான்கும் எப்படிப் போட்டாலும் உட்காருகின்றன. அந்த ஒரு ஞாயிறுதான் அசையவில்லை.

13 நவம்பர், வியாழன்

காலையில் சின்னண்ணனே வண்டியைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, சந்தோஷமாக இருந்தார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமய உட்டா வேற நாள் ஆகாதுங்களா?"

"எனக்கு எந்த நாளா இருந்தா என்ன சாமி? மச்சான் கையால தேங்கா ஒடைக்கோணும், அவ்வளவுதான்."

"அவருக்கு அன்னிக்குத்தான லீவுங்க?"

"ஆரு சொன்னா? அவன் சிக்னல்ல வேல பாக்கறான். ஞாயித்துக்கெழம ரயிலு ஓடாதா? அடுத்த வாரம் அவனுக்கு வெள்ளிக்கெழம லீவு."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

"கவர்மென்ட்டு வேலன்னா ஞாயித்துக்கெழம லீவுன்னு நெனச்சுப்போட்டேன்," என்றார்.

"கேள்வியில இல்லாத நிபந்தனைய நாமளா சேக்கக் கூடாதுங்களாம்."

"சேத்தா?"

"மார்க்கு போயிருமுங்க."

சின்னண்ணன்தான் முதலில் சிரித்தார். முதலாளி பென்சிலை என் பக்கம் தள்ளினார். திங்கள் திருச்செங்கோடு, புதன் ராசிபுரம், வியாழன் பரமத்தி, வெள்ளி சின்னண்ணன். மிச்சம் ஆத்தூர் வண்டியும் சனிக்கிழமையும். எழுதப் போன கையை நிறுத்தினேன்.

"சனிக்கெழமைக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இப்பத்தான் கேக்கறா பாரு! ஆத்தூர்க்காரரு பெருமாளக் கும்பிடறவரு. சனிக்கெழமன்னா சந்தோசமா எடுத்துக்குவாரு."

எழுதினேன். செவ்வாய் காலி. ஞாயிறும் காலி.

"போயி எழுதீட்டு வா அம்மிணி," என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. சனிக்கெழம மழ வந்து பெயின்டு காயலீன்னா?"

"அது கேள்வியில இல்லீங்க."

சாயந்திரம் கமலவேணியிடம் சொன்னேன். அவளும் அதே தேர்வுதான் எழுதுகிறாள், சேர்ந்தே பஸ் ஏறலாம் என்றாள். வீட்டுக்கு வந்து கட்டத்தை மறுபடி சரிபார்த்தேன். எல்லாரையும் கேட்டிருக்கிறேன், சென்றாயனைத் தவிர.

நாளை: பட்டறை திறந்ததும் சென்றாயனிடம் கட்டத்தைக் காட்டி, இந்த நாட்கள் அவருக்குத் தோதுப்படுமா என்று கேட்க வேண்டும்.