கொட்டகைச் சாவி

தட்சணாமூர்த்தியின் சாவிக்கொத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. அவன்மேல் வருகிற அருவருப்பு ஒரு பங்கு என்றால், என்மேல் வருவது இரண்டு பங்கு. அந்தக் கொத்தை ஏழு தடவை சகாயமேரியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்தவள் நான்தான்.

எழுபத்து நாலாம் வருஷம். மரக்காணம் உப்பளத்தில் நானும் அவளும் ஜோடி. அவள் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவாள், நான் கூடையில் அள்ளிக் குவியலுக்குச் சுமப்பேன். அவளுக்குப் பத்தொன்பது வயசு, வாய் ஓயாத பெண். சித்திரை மாதம் ஒருநாள் பாதிப் பேச்சில் அந்த வாய் நின்றது. பலகையைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு மேல்மூச்சாக வாங்கியது, கை வெடவெடத்தது. விரல் மரத்துப்போச்சு, செத்துடுவேன் அக்கா என்றாள்.

வலிப்பு என்றுதான் நினைத்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம். உப்பளத்தில் இரும்பு ஏது? உப்பு தின்றுவிடும் என்று எல்லாமே மரம்தான். பக்கத்தில் வந்து நின்ற மேஸ்திரி தட்சணாமூர்த்தி, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினான். சாக்கு அடுக்கி வைக்கிற கொட்டகையின் சாவி. வாங்கி அவள் கையில் திணித்தேன். உதறினாள். விடாதே, பிடி என்று அதட்டினேன். அடங்க அரைமணி ஆனது. வாயில் நுரை இல்லை, கண் செருகவில்லை, பேச்சு தெளிவாக இருந்தது. இது என்ன வலிப்பு என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை.

அப்புறம் வாரத்துக்கு ஒன்று. மேஸ்திரி வருகிற நேரத்தில்தான் வருகிறது என்பதும் என் மரமண்டையில் உறைக்கவில்லை. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வெயில் என்றாள் ஒருத்தி. உச்சி நேரத்தில் ஓடைப் பக்கம் போனதால் பிடித்த காற்று என்றாள் இன்னொருத்தி. ஒரு டாக்டர் நாடியைக்கூடத் தொடாமல், கல்யாணம் செய்து வை, சரியாகிவிடும் என்றாராம். கடைசியில் மேஸ்திரியே அவள் அம்மா இன்னாசிமேரியிடம் போய், பேய் ஓட்டும் கோயில் ஒன்றில் நாற்பது நாள் சங்கிலி போட்டு வைத்தால் தெளிந்துவிடும் என்று யோசனை சொன்னான். முகத்தில் அத்தனை அக்கறை. தூ! செவ்வாய்க்கிழமை கூட்டிப்போவது என்று முடிவானது. அங்கே காலில் சங்கிலியோடு கிடந்தவளை அப்புறம் எவன் மனுஷியாக மதிப்பான்?

சனிக்கிழமை மேஸ்திரி திண்டிவனம் போயிருந்தான். குவியல் மூட ஓலை வெட்டுகிற வேலை. கொட்டகைச் சுவரோரம் போனதுமே அவளுக்கு வந்துவிட்டது. சாவி இல்லாததால், ஓலை வெட்ட அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கொடுவாளை அவள் கையில் கொடுத்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மூச்சு தணிந்தது. கொடுவாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே இத்தையே குடுங்க. அந்தச் சாவி வேணாம்."

ஏன் என்றேன்.

"அதாலதான் மேஸ்திரி என்னைக் கொட்டாய்க்குள்ளாற வெச்சிப் பூட்டினான். அந்தச் சத்தம் கேட்டாலே உள்ளாறயே இருக்கிற மாதிரி இருக்குது. நீங்க வேற அத்த கையில வெச்சி அழுத்துறீங்க."

என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. அப்படியே அவளை இழுத்துக்கொண்டு இன்னாசிமேரி வீட்டுக்குப் போனேன். அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை. விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"தெரியும் ஆனந்தம்மா. பேயின்னா கோயில்ல வுட்டா போயிடும். இதுன்னா போவுமா? எவன் கட்டுவான்?"

பெற்றவளுக்கே மகளைவிடப் பேய் சௌகரியமாகிவிட்டது. ஆனால் அவளை மட்டும் திட்டி என்ன? அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நம் ஊர்தானே. சகாயமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"கோயிலுக்கு நான் வர்லம்மா. திங்கக்கெழம வேலைக்குப் போறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி சாவியை ஆட்டிக்கொண்டு வரப்பில் வந்தான். அவளுக்கு மூச்சு ஏறியது. அவன் வழக்கம்போல் கொத்தை என்னிடம் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சகாயமேரியே எட்டி அதைப் பறித்தாள். இருபது பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"மேஸ்திரி, என்னைக் கொட்டாயில பூட்டினது இதுல எந்தச் சாவி? காட்டுங்க."

யாரும் பலகையை எடுக்கவில்லை. அவள் மூச்சு இன்னும் தணியவில்லை. கொத்தை மட்டும் அவள் கீழே போடவில்லை, பதிலுக்காக ஒவ்வொரு சாவியாக அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.