வயர் செருகியிருக்கும் வரை

எங்கள் ஊர் விமான நிலையத்தில், விமானத்தின் மூக்கடியில் ஹெட்செட் வயரைச் செருகியதிலிருந்து அதைப் பிடுங்கும் வரைக்கும், கீழே நிற்கிற ஆளும் மேலே உட்கார்ந்திருக்கும் விமானியும் கணவன் மனைவி. பிடுங்கினால் முறிந்தது. அடுத்த விமானம் வந்தால் அடுத்த கல்யாணம்.

காரணம் இல்லாமல் இல்லை. கீழே நிற்கிறவர் காதைப் பிளக்கிற இரைச்சலில் நிற்கிறார். மேலே இருப்பவருக்கோ தன் வயிற்றுக்கடியில் யார் நடமாடுகிறார்கள், எந்த வண்டி குறுக்கே வருகிறது, ஒன்றும் தெரியாது. ஆளை ஆள் பார்க்காமல், சொன்ன சொல்லை மட்டும் நம்பி நடத்துகிற காரியம் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது என்று மேலிடம் உட்கார்ந்து யோசித்தது. கல்யாணம்தான் என்று முடிவானது. அன்றிலிருந்து எந்தச் சக்கரமும் யார் காலிலும் ஏறவில்லை. குடும்பத்துக்குள் கட்டாயம் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் சொன்னதை மற்றவர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லவேண்டும். பதில் இருந்தால் அப்புறம் சொல்லலாம்.

துணை விமானி மச்சான் முறை. பயணிகள் எல்லாரும் பெண் வீட்டார். விமானி ஆணாக இருந்தாலும் இதே விதிதான். கீழே நிற்கிற கோமதிநாயகம்கூட வழுக்கைத்தலைக் கேப்டன் பத்மநாபனோடு ரொம்ப காலம் ஒரு மனஸ்தாபம் இல்லாமல் குடித்தனம் நடத்தியவர்தான். இந்த விஷயத்தில் கோமதிநாயகத்துக்கு நல்ல பேர். விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது.

கேப்டன் தமயந்தி இந்த ஊருக்கு வர ஆரம்பித்த பிறகு மற்ற குடித்தனமெல்லாம் கோமதிநாயகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தம்மா முகத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. கண்ணாடியில் வெயில் அடிக்கும். குரல் மட்டும்தான். "பிரேக் எடுத்தாச்சு" என்று அந்தம்மா சொல்லும்போது கோமதிநாயகம் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொள்வார். வயரைப் பிடுங்கிய பிறகு விமானம் ஓடுபாதைப் பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மறுபடி வரும் என்று தெரியும். இருந்தாலும் மனுஷன் மனசு கேட்கவேண்டுமே!

வயர் செருகுகிற துளையில், முந்தின ஊரில் கடைசியாகப் பேசிய பேச்சு கொஞ்சம் தங்கியிருக்கும். டம்ளர் அடியில் சர்க்கரை நிற்கிற மாதிரி. எப்போதும் ஒரு துணியால் துடைத்துவிட்டுத்தான் செருகுவார்கள். அன்றைக்கு மத்தியானம் துணி கைக்கு எட்டவில்லை. கோமதிநாயகம் அப்படியே செருகிவிட்டார். காதில் விழுந்தது தமயந்தியின் குரல்தான்.

"சாப்பிட்டீங்களா, ஜெரால்டு?"

விமானம் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தது.

கோமதிநாயகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்தக் கேள்வி? தனக்கு இத்தனை நாளில் பிரேக், என்ஜின், கும்பிடு என்பதைத் தவிர ஒரு வார்த்தை கிடைத்ததா? அவனுக்கு மட்டும் சாப்பாடு விசாரணை! யாருடா அவன், பெரிய ஜெரால்டு?

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. டிராக்டர் ஓட்டுகிற பீர் மைதீன் விமானத்தைப் பின்னால் தள்ளினான். என்ஜின்கள் கிளம்பின. டிராக்டரைக் கழற்றி ஓரம் கட்டினார்கள். முன்சக்கரத்தில் சிவப்பு நாடா கட்டிய இரும்புப் பின் ஒன்று குத்தியிருக்கும். அதைப் பிடுங்கி, வயரையும் பிடுங்கி, ஓரமாகப் போய் நின்று, நாடா தெரியும்படி உயர்த்திக் காட்டவேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் எந்த விமானியும் சக்கரத்தை நகர்த்தமாட்டார்.

கோமதிநாயகம் பின்னைப் பிடுங்கினார். பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வயரைத் தொடவில்லை.

"பின்னைக் காட்டுங்க" என்றார் தமயந்தி.

"பின்னைக் காட்டுங்க" என்று திருப்பிச் சொன்னார் கோமதிநாயகம். அப்புறம் கேட்டார். "ஜெரால்டு யாரு?"

"ஜெரால்டு யாரு" என்றார் தமயந்தி.

"என்னையும் சாப்பிட்டீங்களான்னு கேளுங்க."

"என்னையும் சாப்பிட்டீங்களான்னு கேளுங்க."

"அவன்கிட்ட மட்டும் அப்படி என்ன கரிசனம்?"

"அவன்கிட்ட மட்டும் அப்படி என்ன கரிசனம்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. கோமதிநாயகத்துக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பின்னால் இன்னொரு விமானம் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, விடுங்க மாப்பிள்ளை என்பதுபோலக் கையை அசைத்தாள். துணை விமானி குறுக்கே வந்தார்.

"மச்சான், குடும்பம்னா நாலும் இருக்கும். நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

அதையும் கோமதிநாயகம் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

பீர் மைதீன் டிராக்டரை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, நாலு பேர் பார்க்க இதெல்லாம் என்னத்துக்கு? பின்னைக் காட்டிட்டு வாங்க."

"நீ உன் ஜோலியைப் பாருடே" என்றார் கோமதிநாயகம். அவன் போய் ஏறிக்கொண்டான்.

பிறகு தமயந்தி தானாகவே பேசினார்.

"முதல் தடவை இந்த ஊருக்கு வந்தப்போ உங்களைக் கேட்டேன். சாப்பிட்டீங்களான்னு. நீங்களும் 'சாப்பிட்டீங்களா'ன்னு திருப்பிச் சொன்னீங்க. பதில் வரும்னு பார்த்தேன். அடுத்து 'பிரேக் எடுக்கலாம்'னுட்டீங்க. ஜெரால்டு அப்படி இல்லை. கேட்டா, சாப்பிட்டேன், சாப்பிடலைன்னு ஏதோ ஒண்ணு சொல்லுவார்."

கோமதிநாயகம் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை இந்த ஊருக்கு வந்தப்போ உங்களைக் கேட்டேன் என்பது வரை வந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

"சாப்பிடலை" என்றார்.

மேலே பக்கவாட்டு ஜன்னல் திறந்தது. ஆபத்துக்காலத்தில் விமானி இறங்குவதற்கென்று வைத்திருக்கும் கயிற்றில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி ஆடிக்கொண்டே வந்து அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. மூடியில் பேர் வெட்டியிருந்தது. ஜெரால்டு.

அவன் சமைத்துக் கொடுத்தது! கோமதிநாயகம் அப்படியே திருப்பி மேலே ஏற்றியிருப்பார். ஆனால் பசித்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அந்தப் பாவி நன்றாகச் சமைத்திருந்தான். உப்பு, புளி ஒன்றிலும் குறை சொல்ல இடமில்லை. அதுதான் கோமதிநாயகத்துக்குத் தாங்கவில்லை. சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார். மேலேயிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டார் தமயந்தி.

"இருந்தது" என்றார் கோமதிநாயகம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

பெண் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பியனுப்பக் கூடாது. பீர் மைதீன் கையை உயர்த்திக் காட்டினான். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. தலைக்கவசம் போட்ட ஆட்கள் இறங்கி வரிசையாக நின்று குழாயைத் திருப்பினார்கள். கோமதிநாயகம் சட்டியைக் கீழே வைத்தார். மூடியை மட்டும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, பேர் வெட்டிய பக்கத்தைத் தண்ணீருக்கு நேரே நீட்டினார். தண்ணீர் அடித்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனார். பிடியை விடவில்லை. வண்டியில் இருந்த தண்ணீர் மொத்தமும் தீர்ந்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். பேர் அப்படியே இருந்தது, முன்னைவிடப் பளிச்சென்று.

"இன்னொரு வண்டி வரச் சொல்லு" என்றார்.

"இன்னொரு வண்டி வரச் சொல்லு" என்றான் பீர் மைதீன். மறுபடி கையை உயர்த்தினான்.