முந்திப் போன மூச்சு

பாக்கியநாதனின் மூச்சு அவருக்குப் பதினொரு நிமிடம் முன்னதாகவே ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. கே.கே. நகரில் தொடங்கி, ஊரைச் சுற்றி, காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் முடிகிற இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். முடிவுக் கோட்டில் பதக்கம் கொடுக்க நின்ற கல்லூரி மாணவி ஜாஸ்லின், ஆளில்லாத இடத்தில் யாரோ இரைக்கிற சத்தம் தன்னைக் கடந்து போவதைக் கேட்டாள். கிராம்பு வாசனையும் வந்தது. அவள் விலகி வழிவிட்டு, கையிலிருந்த தாளில் நேரத்தை எழுதிக்கொண்டாள். பதினொரு நிமிடம் கழித்துப் பாக்கியநாதன் வந்தார். சட்டை நனைந்திருந்தது, ஆனால் மார்பு ஏறி இறங்கவில்லை. பெயர் கேட்டதற்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவர் கே.கே. நகருக்கும் சத்திரம் பஸ் நிலையத்துக்கும் இடையே ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். அந்த வழித்தடத்தில் முன்னால் போகிற வண்டிக்குத்தான் ஆள் கிடைக்கும். பின்னால் வருகிற வண்டிக்குக் காலியான நிறுத்தம்தான் மிஞ்சும். அதனால் முன்னால் ஒரு வண்டியின் முதுகு தெரிந்தால் அதை முந்தியாக வேண்டும். ஓட்டத்தையும் அவர் அப்படித்தான் ஓடினார். வேகம் காட்டுவதற்காக, இரண்டரை மணி நேரம் என்று எழுதிய கொடியோடு ஓடிய பெண்ணின் பின்னால் வரச் சொல்லியிருந்தார்கள். அவளை இரண்டாவது கிலோமீட்டருக்குள் முந்தினார். பாலக்கரையில் முப்பது பேரை, காந்தி மார்க்கெட் ஓரத்தில் பதினெட்டுப் பேரை முந்தினார். பதினான்காவது கிலோமீட்டரில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவருடைய மூச்சுக்கு எதிரே தெரிந்தது பாக்கியநாதனின் முதுகுதான். மூச்சும் இருபத்திரண்டு வருடம் அதே பஸ்ஸில் வேலை பார்த்ததுதானே. அது அவரையும் முந்திக்கொண்டு போய்விட்டது. கால்கள் மட்டும் பழக்கத்தில் வந்து சேர்ந்தன.

டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, மூச்சு இல்லை, மாடி ஏறலாம், வேலைக்குப் போகலாம் என்றார். பாக்கியநாதன் வேலைக்குப் போனார். விசில் ஊத முடியாததால் கம்பியில் நாணயத்தால் தட்டினார். “என்ன கண்டக்டர், வீட்ல சண்டையா? வாயவே தொறக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டவர்களும் ஒரு மாதத்தில் பழகிப்போனார்கள். பழகாதவள் அவர் மனைவி அக்னஸ் ஒருத்திதான். அவள் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது, அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முன்பாதியை அவள் சொல்ல, பின்பாதியை அவர் சொல்வது இருபத்தாறு வருட வழக்கம். இப்போது இரண்டு பாதியையும் அவளே சொன்னாள்.

மூச்சு எங்கேயும் போய்விடவில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்துச் சுவரில், ஆள் வாய் உயரத்தில், சாய்ந்து நின்று இரைத்துக்கொண்டிருந்தது. சுவரில் அந்த இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தது. நாய்கள் சுற்றிப் போயின. அக்னஸ் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்தாள். பிப்ரவரியில் தட்டளவு இருந்த ஈரம் மே மாதம் உள்ளங்கை அளவுக்கு வந்தது. அது முழுதும் காய்ந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் மேசை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

முதலில் பாக்கியநாதன் பஸ்ஸில் போய், சுவரில் அந்த இடத்தில் வாயைத் திறந்து நின்று பார்த்தார். ஓட்டத்தில் பிரிந்த மூச்சு, பஸ்ஸில் வந்த ஆளை யார் என்றே கேட்கவில்லை. ஜூலையில் அதே வழியில் தனியாக ஓடிப் போனார், பழைய வேகத்தில். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் மூச்சு சுவரை விட்டுக் கிளம்பித் திருவானைக்காவல் வரை ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அது சுவருக்குத் திரும்பி வந்தபோது ஈரம் நாணயத்தளவுதான் இருந்தது.

பஸ்ஸின் டிரைவர் மருதைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. “பின்னாடி வர்ற வண்டி ஹாரன் அடிச்சா நம்ம நிப்பமாண்ணே? இன்னும் மிதிப்பம். நீங்க பின்னாடி வந்ததே தெரியக் கூடாது. மெதுவா உருட்டிக்கிட்டு வாங்க, அது தானா நிக்கும்.”

ஆனால் மூச்சில்லாதவருக்கு இரைக்காது. இரைக்காதவருக்குத் தன் வேகம் தெரியாது. காலுக்குத் தெரிந்தது முந்துவது ஒன்றுதான்.

“நான் கூட வரேங்க. என் மூச்ச வச்சு ஓடுங்க” என்றாள் அக்னஸ்.

ஆகஸ்டிலிருந்து ஜெபம் சொல்லிக்கொண்டே ஓடிப் பழகினாள். ஒரு ஜெபத்தை நடுவில் உடையாமல் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். உடைந்தால் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. முதல் வாரம் தெருமுனை வரைதான் போக முடிந்தது, டிசம்பரில் பதினாறு கிலோமீட்டர் போனாள்.

அடுத்த ஜனவரியில் இருவரும் கடைசி வரிசையில் நின்று கிளம்பினார்கள். எல்லோரும் அவர்களை முந்தினார்கள். கொடிக்காரர்கள் முந்தினார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் முந்தினார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒருவரும் முந்தினார். “ஜெபமாலை பவனியா அக்கா? மாதா சொரூபத்தக் காணோமே?” என்று கேட்டுவிட்டு ஒருவன் போனான். பாக்கியநாதனின் கால்கள் ஒவ்வொரு முதுகுக்கும் துள்ளின. பாலக்கரையில் மருதை பஸ்ஸை ஓரங்கட்டி, “அவசரம் வேணாம்ணே, டைம் கீப்பர் லீவு!” என்று கத்தினான். இருபத்திரண்டு வருடத்தில் யாருக்கும் வழி விடாத மனிதர் அன்று நானூறு பேருக்கு வழி விட்டார். காவிரிப் பாலத்தில் அவருக்குக் கண்ணீர் வந்தது. அக்னஸ் ஜெபத்தை நிறுத்தாமல் சட்டையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு கிலோமீட்டருக்கு மேல் அவள் ஓடிப் பழகியதில்லை. பத்தொன்பதாவதில் முழங்கால் வீங்கியது. இருபதாவதில் ஜெபம் வார்த்தை வார்த்தையாக வந்தது. சுவர் கண்ணுக்குத் தெரிந்தபோது, அதில் ஈரம் இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முன்பாதியைச் சொன்னாள். பின்பாதிக்கு வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அவர்கள் நிற்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. காலடிச் சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு மெல்லியதாக இருந்தது அந்த ஓட்டம்.

அப்போது பின்பாதி சுவரிலிருந்து வந்தது. பாக்கியநாதனின் குரலில், இரைத்து இரைத்து, ஒரு சொல்லும் விடாமல் வந்தது. ஜாஸ்லின் அந்த வருடமும் பதக்கத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பாதி ஜெபம் சுவரில் கேட்டது, மீதி அவர் வாயில் கேட்டது, நடுவில் இடைவெளி இல்லை என்று அவள் பிறகு சொன்னாள். ஓடி முடிக்க இருவருக்கும் மூன்று மணி நேரம் ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியநாதன் படுத்தார். ஒரு வருடம் நின்றபடியே இரைத்த மூச்சு அது. ஞாயிறு மதியத்திலிருந்து புதன் காலை வரை தூங்கினார். பார்க்க வந்தவர்களிடம் மெதுவாகப் பேசும்படி அக்னஸ் சைகை காட்டினாள். புழுக்கமாக இருந்தும் ஃபேனை நிறுத்திவிட்டு, வீங்கிய காலை நீட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.