ஒரு தடவை

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்துவிட்டது. சினேகா குனிந்து மறுபடி முடிச்சுப் போட்டாள். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"பன்னெண்டு மணிக்கு ரோட அடைச்சிடுவாங்கம்மா. பௌர்ணமி. அப்புறம் வண்டி போவாது."

கல்லறைத் தோட்டம் கிரிவலப் பாதையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். மணி பதினொன்றரை. பெரியப்பா வரவில்லை.

அப்பா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து பெரியப்பா முருகையன் தம்பியோடு பேசுவதில்லை. பதினோரு வருடம். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அப்பா கேட்டது ஒன்றுதான். குழியில் அண்ணன் கையால் ஒரு பிடி மண். காலையில் சினேகா போன் செய்தாள். பெரியப்பா முழுக்கக் கேட்டார். போனை வைத்துவிட்டார்.

"வருவாரான்னே தெரில, சிஸ்டர்," என்றார் பாஸ்டர். "கிளம்பிடலாமா?"

அம்மா அருணாதேவி எழுந்து உள்ளறைக்குப் போனாள். சினேகா பின்னால் போனாள்.

அம்மாவின் ஜெபம் வீட்டுக்குத் தெரியும். ஒரே வேண்டுதலைச் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் படுக்கையில் புரளும்போதும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா ஒரு தடவைதான் சொல்வார். ஆமென் போட்டுவிட்டு ஷேவ் பண்ணப் போய்விடுவார். "அதான் சொல்லியாச்சி இல்ல? கர்த்தருக்கென்ன காது மந்தமா?" என்பார்.

அம்மா முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, அவரு அண்ணன் வரணும். மத்தத நீரே பாத்துக்கும். ஆமென்."

சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான்."

வெளியே வந்தாள்.

"வண்டிய அனுப்பிடுங்க ஐயா. தோள்ல தூக்கினு போவலாம்."

"ஜனம் ஜாஸ்தியாயிடும் சிஸ்டர்."

"ஆவட்டும்."

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது. தூங்கிவிட்டாள்.

"புருஷன் பக்கத்துல எப்டி தூங்குது பாரு," என்றாள் ஒருத்தி.

சினேகாவால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்தாள். தெருமுனையில் தடுப்புகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு. பன்னிரண்டரை.

ஒரு மணிக்கு முருகையன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டான் பாப்பா. நடந்து வரேன்."

தோள்துண்டின் முனையில் வாய்க்கரிசி முடிந்திருந்தது. பெட்டியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். முடிச்சைத் தொட்டார். அவிழ்க்கவில்லை.

சினேகா அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"எழுப்பாத," என்றார்.

தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டி அதை அருணாதேவியின் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு துண்டை எடுத்து, தம்பி முகத்தில் வந்து உட்கார்ந்த ஈக்களை விரட்டத் தொடங்கினார்.