அரிசி போடும் நாள்

காளியாயி கம்பளியை இழுத்துவிட்டாள். முகத்தை மூடவில்லை, கழுத்துவரைதான். மூடினால் வாசலில் போகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"மதினி, அண்ணன் கை சில்லுன்னு..." நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுதுறாத. ஸ்டோர்ல அரிசி போட்டு முடியட்டும்."

விடியும் முன்பே காளியாயியின் புருஷன் சோலைமலையின் உயிர் போய்விட்டது. தெரிந்தால் கணக்கப்பிள்ளை பேரை வெட்டிவிடுவார். அவன் பங்கு அரிசி கிடைக்காது. அவன் தங்கை நாகலெட்சுமி, இனக் கலவரத்தில் பொலன்னறுவையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு கட்டிய துணியுடன் வந்தவள். அப்படி வந்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் அரைச் சம்பளத்துக்கு வேலை உண்டு, அரிசி இல்லை. இதுவரை இரண்டு பேர் அரிசியில் ஆறு வயிறு.

லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராப் பூரணி நெருப்புக் கேட்டு வந்தாள். வாரத்தில் ஆறு நாள் வேலை நாலு நாளாகிவிட்ட கோபம் அவளுக்கு.

"ஒங்க வீட்டுக்கு ஆள் வந்துச்சு, எங்க ஒல வத்திப்போச்சு. அரைச் சம்பளத்துக்கு ஆள் கெடைக்கிறப்ப எங்கள எவன் கூப்புடுவான்?" என்றபடி உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள். சோலைமலையின் வாய் திறந்திருந்தது. நெருப்பை வாங்காமலே போய்விட்டாள்.

அரிசி ஸ்டோர் வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது.

"சோலைமலை எங்க?" என்றார் கணக்கப்பிள்ளை.

காளியாயி சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். பின்னாலிருந்து பூரணியின் குரல் கேட்டது.

"காச்சலுங்கய்யா. இப்பத்தான் மல்லித்தண்ணி வச்சுக் குடுத்துட்டு வாறேன்."

"அந்த எருமைக்கே காச்சலா?" கணக்கப்பிள்ளை சிரித்தார். அரிசி சாக்கில் விழுந்தது.

இறக்கத்தில் பூரணி சாக்கைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"பூரணி..."

"பேசாம நட. லயத்துக்குப் போயி அழுவ. நாளைக்கு ஒன் நாத்தனாகிட்ட நான் சண்ட போடத்தான் போறேன்."

அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் சாவைச் சொல்லும் தப்பு மேளம் முழங்கியது.

குளிப்பாட்டி முடித்ததும் அந்த அரிசியில் கொஞ்சத்தை முறத்தில் கொட்டினார்கள். வாய்க்கரிசி போட லயமே வந்தது. பூரணியும் போட்டாள். கடைசியாக வந்த நாகலெட்சுமி ஒரு பிடி அள்ளினாள். அண்ணன் வாய்க்கு மேல் விரல்களைக் கொஞ்சமே தளர்த்தினாள். சில மணிகள் விழுந்தன. மீதி கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவள்போல் நின்றாள்.

காளியாயி முறத்தை அந்தக் கைக்குக் கீழே நீட்டிப் பிடித்தாள். நாகலெட்சுமி ஈர உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும் அதில் தட்டிவிட்டாள்.