ஓரகத்தி மாற்றிய டிரைவர்

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவருக்கும் ஒரே ஆபீசில் வேலை அமைந்ததுதான் பெரியவளுக்கு வந்த வினை.

ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் கம்பெனி அது. நர்சுகள் பார்க்கும் திரைக்கும், எல்லாம் பதிவாகும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று பேசும் 'டிரைவர்' என்ற புரோகிராமைப் பெரியவள்தான் எழுதினாள். நர்சு அனுப்பிய உத்தரவில் தப்பிருந்தால் அந்தத் தப்பை அப்படியே திருப்பிச் சொல்லும்; இணைப்பை விடாது. இணைப்பே அறுந்துபோனால், "வேலை முடிந்ததா தெரியாது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அந்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிடும். நர்சுகளுக்கோ அந்த அறிவிப்பைப் பார்த்தாலே எரிச்சல்.

கொழுந்தன் மனைவி வேலைக்குச் சேர்ந்ததும் அதை மாற்றினாள். என்ன கோளாறானாலும் சத்தமில்லாமல் மறுபடி இணைத்து மறுபடி அனுப்பும். புகார்கள் நின்றுபோயின.

"டேட்டாபேஸ்லேர்ந்து பதில் வர்றதுக்குள்ள இணைப்பு அறுந்தா? முதல் தடவையே பதிவாகியிருந்தா, ரெண்டாவதும் பதிவாகுமே," என்றாள் பெரியவள்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் பயப்படுவீங்க," என்று மேனேஜர் சிரித்தார்.

வீட்டில் மாமியார் வேறு, "சின்னவ வந்த பிறகு ஆபீஸ்ல தொல்லையே இல்லையாமே?" என்று பெரியவளிடமே கேட்டார். அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்தப் பரிசோதனை உத்தரவு இரட்டையாகப் பதிவாகி, ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துவிட்டார்களாம். பெரியவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. யாரோ ஒருத்திக்கு ஊசி குத்தியதில் குளிருகிறதே என்று கூசவும் செய்தது. ஆனாலும் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டுதான் மீட்டிங்குக்குப் போனாள்.

அவள் வாய் திறப்பதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான். பதில் வரலைன்னா வேலை நடக்கலைன்னு நினைச்சுட்டேன். அக்கா அப்பவே சொன்னாங்க. அவங்க எழுதினதையே திரும்பப் போட்டுடலாம்."

"இப்படி ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும்?" என்றார் மேனேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

மத்தியானம் சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோபமாக்கா?"

"வேலையைப் பாரு."

"அறிவிப்பை மட்டும் மாத்தலாமா? 'பதிவானதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்'னு போட்டா, நர்சுங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்."

நல்ல வாசகம். தனக்குத் தோன்றாமல் போன வாசகம். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. திரையின் பக்கம் திரும்பினாள். அதையே ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அடித்துச் சேர்த்தாள்.